தனி அறை

“எட்டு மாசமா இவளுக்கு ரத்தப்போக்கு நிக்கல டாக்டர். பக்கத்துல போனாலே நாத்தம், அருவருப்பா இருக்கு. தனி ரூமுல படுக்க வெச்சிருக்கேன்” என்றான் கணவன், முகத்தைச் சுளித்தபடி. மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கர்ப்பப்பைக்குள்ள சின்னச் சதை வளர்ந்தாலும் இப்படி ஆகும். பாலிப்னு சொல்வோம். எடுத்துட்டா பெரும்பாலும் சரியாயிடும்” என்ற டாக்டரம்மா, அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ஸ்கேன் செய்தார்.

“எல்லாம் சுத்தமா இருக்கேம்மா. ரத்தக் கசிவும் இல்லையே.”

“அந்தச் சதையை ஏழு மாசம் முன்னாடியே எங்கக்கா கூட்டிட்டுப் போய் எடுக்க வெச்சுட்டா டாக்டர். அதோட நின்னுடுச்சு.”

“அப்போ அவர்கிட்ட ஏன் நிக்கலைன்னு சொல்றீங்க?”

“நின்னுடுச்சுன்னு தெரிஞ்சா என் பக்கத்துல வந்து படுப்பார்” என்றாள் அவள். “அதை நினைச்சாலே எனக்குக் குமட்டுது.”