உடைக்காமல் ஒரு சோதனை

“வடத்துல துரு இல்ல சார். தாராளமா பஸ்ஸ விடலாம்,” என்றாள் மெர்லின்.

அன்னவாசல் வழியிலுள்ள அந்தப் பாலத்தைத் தாங்குவது கான்கிரீட்டுக்குள் இழுத்துக் கட்டிய எஃகு வடங்கள். துருப்பிடித்திருக்குமோ என்ற சந்தேகத்தில் ஒரு மாதமாகப் பஸ் ஓடவில்லை. பள்ளிப் பிள்ளைகள் நடந்தே போய்வந்தார்கள். மெர்லின் பாலத்தின் அடிப்புறம் முழுக்கக் காந்தக் கருவியை நகர்த்திப் பார்த்திருந்தாள். வடம் எங்காவது அரித்திருந்தால் அங்கே காந்தவிசை வெளியே கசியும். திரையில் கோடு துள்ளும். கோடு துள்ளவே இல்லை.

அதிகாரி குணசேகரனுக்கு மனம் ஒப்பவில்லை.

“ஒடைக்காம உள்ள இருக்கறது எப்படிம்மா தெரியும்? இன்ஜினியரிங் படிச்சியா, மாந்திரீகம் படிச்சியா? ஏப்பா, இங்கிட்டு ஒரு எடத்துல கொத்துங்க.”

“கான்கிரீட்டுதான் சார் அதுக்குப் பாதுகாப்பு. கொத்துனா ஒடனே அடைச்சிரணும். தண்ணி எறங்கிட்டா போச்சு.”

“அதெல்லாம் அடைச்சிக்கலாம்.”

வேலையாட்கள் கொத்தினார்கள். வடம் புது வெள்ளிபோல் மின்னியது. குணசேகரன் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அன்று மாலையே பஸ் ஓடியது.

இரண்டு மழைக்காலம் கழித்து மெர்லின் மறுசோதனைக்கு வந்தாள். பாலம் முழுக்க ஒரே ஓர் இடத்தில் கோடு துள்ளியது.

“பாதி வடம் அரிச்சிருச்சு சார். பஸ்ஸ நிறுத்தணும்.”

“எந்த எடம்?”

அவள் கை காட்டினாள். அடைக்காமல் விட்ட பள்ளத்திலிருந்து துருத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

குணசேகரன் உடன் வந்தவர்களிடம் பெருமையாகத் திரும்பினார்.

“பாத்தீங்களா? இந்த எடத்து மேல எனக்கு அன்னைக்கே சந்தேகம்.”