எல்லாவற்றுக்கும் ‘இல்லை’

“சின்ன வயசுல இவங்களுக்கு ஃப்ரெண்ட்ஸ் இருந்தாங்களா?” என்று கேட்டார் உளவியல் நிபுணர்.

“நிறைய பேர். தெருவே எங்க வீட்லதான் இருக்கும்,” என்றார் அண்ணன்.

தங்கை திரும்பி அவரைப் பார்த்தாள். தெரு வந்தது அவரைத் தேடித்தான். அந்த நேரத்தில் அவள் துணி அலமாரிக்குள் உட்கார்ந்திருப்பாள்.

அவளுக்கு முப்பத்தொன்பது வயது. மூக்குக்கண்ணாடிக் கடையொன்றின் பின்னறையில் லென்ஸ்களின் அளவைச் சரிபார்க்கும் வேலை. பதினாறு வருடத்தில் அவள் கை பட்ட ஒரு லென்ஸ்கூடத் தப்பென்று திரும்பி வந்ததில்லை.

இப்போது அந்தப் பின்னறையை இடித்துக் கடையைப் பெரிதாக்கப் போகிறார்கள். இனி முன்கூடத்தில், வாடிக்கையாளர்களுக்கு நடுவே, ஓயாமல் அடிக்கும் போனுக்குப் பக்கத்தில்தான் அவளுக்கு மேசை. பழக்கத்துக்காக அங்கே உட்கார வைத்த இரண்டாம் நாளே கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். மதியம்வரை வெளியே வரவில்லை.

“டாக்டர்கிட்ட ஏதாவது எழுதி வாங்கிட்டு வாம்மா, மாடியில தனி ரூம் தர்றேன்,” என்றார் மேலாளர். “இல்லன்னா முதலாளிகிட்ட நான் என்னன்னு சொல்றது?”

அப்படித்தான் பெரியவர்களுக்கான ஆட்டிசம் கேள்வித்தாள் அவள் கைக்கு வந்தது. ‘சில சமயம்’ என்பதற்கும் ‘அவ்வப்போது’ என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று பிடிபடாமல் மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். ஓரங்களில் விளக்கம் எழுதி, இடம் போதாமல் ஒன்பது தனித்தாள்களை இணைத்தாள். அந்தக் கட்டைப் பார்த்ததுமே நிபுணர் புன்னகைத்தார்.

மதிப்பெண் எல்லையைத் தாண்டி எங்கோ போயிருந்தது. மிச்சம் ஒன்றுதான். சிறு வயதில் அவள் எப்படி இருந்தாள் என்று கூடவே வளர்ந்த ஒருவர் வந்து சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. ஆறு வயது மூத்த அண்ணன், கேட்டதும் மறுபேச்சில்லாமல் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார்.

“சத்தம் கேட்டா பயப்படுவாங்களா?” என்று அடுத்த கேள்வியைப் படித்தார் நிபுணர்.

“அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை.”

பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரம் பார்த்துத் தன் வகுப்பிலிருந்து ஓடி வந்து அவள் காதைப் பொத்துவது அண்ணனின் கைகள்தான். அந்தக் கைகள் இப்போது மேசைமேல் அசையாமல் கோத்திருந்தன.

நிபுணர் பக்கத்தைப் புரட்டினார்.

“சாமானையெல்லாம் வரிசையா அடுக்கற பழக்கமும் கிடையாது,” என்றார் அண்ணன்.

“அதத்தான் அடுத்து கேக்க வந்தேன்,” என்று சிரித்தபடியே குறித்துக்கொண்டார் நிபுணர்.

இருபத்தெட்டுக் கேள்விகள். இருபத்தெட்டு ‘இல்லை’. நிபுணர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

“நீங்க எழுதினதும் இவர் சொல்றதும் ஏணி வெச்சாலும் எட்டலம்மா. சின்ன வயசுல ஒரு அறிகுறியும் இல்லன்னா நான் எழுதித் தர முடியாது. அப்போ உங்களைப் பாத்தவங்க வேற யாராவது இருக்காங்களா?”

அவள் இல்லையென்று தலையசைத்தாள். யாரும் இல்லை. பேச வேண்டிய இடத்தில் அவளுக்கு வார்த்தை வந்ததே கிடையாது. படிக்கட்டில் இறங்கும்போதுதான் வந்தது.

“ஏண்ணா பொய் சொன்ன?”

“உன் நல்லதுக்குத்தான். இந்த முத்திரைய ஒரு தடவ குத்திட்டா அப்புறம் அழியாது. நாளைக்கு என் பொண்ணையும் அதே கண்ணாலதான் பாப்பாங்க.”

“என் வேலை போயிடும்.”

“போகாது. முன்னாடி உக்காந்து பழகிக்கோ. சிரிப்பு வரலன்னா வந்த மாதிரி வெச்சுக்கோ. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.”

இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். காப்பீட்டு அலுவலகத்தில் கிளை மேலாளர். நாலு பேர் கூடிய இடத்தில் முதலில் கேட்பது அவர் குரல்தான். ‘உங்க அண்ணனைப் பாத்துக் கத்துக்கோ’ என்பதைச் சாப்பாட்டோடு சேர்த்து ஊட்டித்தான் அம்மா அவளை வளர்த்தாள். அந்த அண்ணன் ஒருவர்தான் தன்னைப் பார்த்தவர் என்று இத்தனை நாள் நம்பியிருந்தாள்.

காரில் அவளைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போனவர், செருப்பைக் கழற்றியதும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே போய்விட்டு வந்தால் ஒரு மணி நேரம் அவரை யாரும் கூப்பிடக் கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம்.

சமையலறையில் அண்ணி டீ வடிகட்டிக்கொண்டிருந்தார். “என்னம்மா, முகமே சரியில்ல? ரெண்டு பேரும் எங்க போயிட்டு வர்றீங்க? அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லல.”

மறைக்க அவளுக்குத் தெம்பில்லை. “டெஸ்ட்டுக்கு அண்ணி. எனக்கு ஆட்டிசம் இருக்கான்னு பாக்க. சின்ன வயசப் பத்தி என்ன கேட்டாலும் அண்ணன் இல்ல இல்லன்னே சொல்லிட்டார். எல்லாம் தெரிஞ்சவர் அண்ணி. கூடவே இருந்தவர்.”

அண்ணியின் கை நின்றது. டீ வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டு, சாத்தியிருந்த கதவை ஒரு முறை பார்த்தார். பிறகு அவள் பக்கமாக நகர்ந்து வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“உனக்குமா?”