படகு நின்ற தூரம்

நிலநடுக்கத்துக்கு மறுநாள் தீவுக்கு வந்த முதல் படகு, கரைக்கு வரமுடியாமல் தூரத்திலேயே நின்றது. படகுத்துறையின் தூண்கள் அடிவரை வெளியே தெரிந்தன. அதுவரை கடலுக்கடியில் கிடந்த பவளப்பாறைகள் கத்திமுனைகளாக நீட்டிக்கொண்டு வெயிலில் காய்ந்தன. செத்த மீன்களின் நாற்றம் மூச்சை அடைத்தது.

மரியானின் மனைவி கிளாராவுக்கு விடிந்ததுமே வலி எடுத்திருந்தது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும் என்று நர்ஸம்மா கையை விரித்துவிட்டாள். மற்ற ஆண்கள் இடிந்த வீடுகளுக்குள் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மரியானும் மச்சான் சூசையும் கிளாராவைக் கயிற்றுக்கட்டிலோடு தூக்கிக்கொண்டு பாறைமேல் இறங்கினார்கள். கொஞ்ச தூரத்திலேயே பாறை பொடிந்து சூசையின் கால் முழங்கால்வரை உள்ளே போனது. கட்டில் சாய, கிளாரா அலறினாள். ரத்தம் வழிய சூசை அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

படகுக்காரர் காசிம்பாய் கைகளைக் குவித்துக் கத்தினார்: "தண்ணி ஏறட்டும் மரியான்! ஏறினதும் பக்கத்துல வந்துடறேன்!"

மரியான் சாய்ந்த கட்டிலை நிமிர்த்தி வைத்தான். நடுக்கத்துக்குப் பிறகு கடல் இரண்டு தடவை ஏறி இறங்கிவிட்டது. இந்தப் பாறைகளை அது தொடக்கூட இல்லை. கடல் உள்வாங்கவில்லை, தீவுதான் மேலே எழும்பிவிட்டது என்று அவனுக்குக் காலையிலேயே புரிந்துவிட்டது. அதை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

கிளாரா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "தண்ணி ஏறுதாங்க?"

"ஏறுதும்மா. ஏறிக்கிட்டே இருக்கு."

"அப்ப சரி" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வலிக்குத் தயாரானாள்.