ஊதி ஒட்டிய பொட்டலம்

பேருந்து மலையேற ஏற பிலோமினாவுக்கு மூச்சு வாங்கியது. மடியிலிருந்த முந்திரி மக்ரூன் பாலித்தீன் பொட்டலமோ உப்பிக்கொண்டே வந்தது. மலைப் பயணம் கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்ட கணவன் மிக்கேல், தூத்துக்குடியில் பொட்டலத்துக்குள் வாயால் ஊதி, மெழுகுவத்தித் தீயில் வாயை ஒட்டித் தந்திருந்தான். "உடையாமப் போய்ச் சேரும்ட்டி. அந்த ஊர எனக்கும் சேத்துப் பாத்துட்டு வா."

பக்கத்து இருக்கையில் வட்டத்தொப்பி வைத்த பெண், வெடித்துவிடும், பிரி என்று சைகை காட்டினாள். பிலோமினா மாட்டேனென்று தலையாட்டினாள்.

உச்சியில் இறங்கினார்கள். கீழே பள்ளம் நிறைய, அவள் கடல் கடந்து பார்க்க வந்த லா பாஸ் நகரம். இரண்டடி வைப்பதற்குள் நெஞ்சு அடைத்தது. தொப்பிக்காரி தாங்கிப் பிடித்து ஒரு கல்லில் உட்காரவைத்தாள். பிலோமினா பொட்டலத்தைத் தூக்கி, நகரத்துக்கு நேராகச் சற்று நேரம் பிடித்திருந்தாள். பிறகு மூலையைக் கடித்து, உதடு பொருத்தி, உள்ளிருந்த காற்றை மெல்ல இழுத்தாள்.

தொப்பிக்காரிக்கு ஒன்றை எடுத்து நீட்டும்போதுதான் பார்த்தாள். ஒரு மக்ரூன்கூட உடைந்திருக்கவில்லை.