நாலு ஸ்க்ரூ

"இந்த மூடியைக் கழட்டினது யாரு?"

ஹரிஹரசுதன் போட்ட சத்தத்தில் ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

திருவெறும்பூரில், இரும்புச் சாமான்களுக்குப் பவுடர் பெயின்ட் அடிக்கும் பட்டறை அது. பெயின்ட் அடித்ததைச் சுட்டெடுக்க பெரிய ஓவன். ஓவனுக்குள் எவ்வளவு சூடு என்று காட்ட, அதன் பக்கச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டிஸ்ப்ளே. ஹரிஹரசுதன் செய்து மாட்டியது. பதினைந்து நாள்கூட ஆகவில்லை. செத்துப் போயிருந்தது.

டிஸ்ப்ளேவை வைத்திருந்த பெட்டி திறந்து கிடந்தது. நாலு ஸ்க்ரூவும் காணோம். உள்ளே போர்டு முழுக்கச் சாம்பல் நிறப் பவுடர். பெட்டியின் தலையில் ஓர் ஈரத்துணி.

"நான்தாங்க சார்" என்றாள் மலர்க்கொடி. ஓவன் அவள் பொறுப்பு.

"எதுக்கும்மா கழட்டினீங்க?"

அவள் முதலாளி பெனடிக்டைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"தூசி போகக் கூடாதுன்னு சுத்தி ரப்பர் வெச்சு, காத்துகூடப் புகாம மூடிக் குடுத்திருக்கேன். நீங்க திறந்து போட்டுட்டு, மேல துணி காயப் போட்டிருக்கீங்க. இது என்ன கொடிக்கயிறா?"

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்குத் தெம்பாக இருந்தது.

"ஆறு மாச உழைப்பும்மா இது. ஒரு பொருளோட அருமை தெரியாதவங்க கையில குடுத்தா இப்படித்தான்."

"தப்புதாங்க சார்."

அவன் கோபத்துக்குக் காரணம் இருந்தது. கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ஸ்ரீரங்கத்தில் மாடி அறை ஒன்றில் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்திருந்தான். இதுதான் முதல் ஆர்டர். இந்த ஒன்று ஒழுங்காக ஓடினால்தான் மற்ற நாலு ஓவன்களுக்கும் அவனிடம் வாங்குவதாகப் பெனடிக்ட் சொல்லியிருந்தார்.

பெனடிக்ட் அன்றைக்கே மலர்க்கொடியைப் பேக்கிங்குக்கு மாற்றினார். ஹரிஹரசுதன் அதே மாதிரி புது டிஸ்ப்ளே ஒன்றை மாட்டி, ஸ்க்ரூக்களை இறுக்கி முடுக்கிவிட்டுப் போனான்.

நாலு நாள் கழித்து, மற்ற ஓவன்களுக்கு அளவெடுக்க வந்தான். மத்தியானம் இரண்டரை மணி. ஓவனை இப்போது ஆசீர் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், உங்க டிஸ்ப்ளே மத்தியானமானா கறுத்துப் போகுது. நம்பரே தெரியல. சாயங்காலம் தானா சரியாயிடுது."

"அப்படி ஆகாதே."

போய்ப் பார்த்தான். மூடி அசையவில்லை. ஸ்க்ரூக்கள் நாலும் இருந்தன. ஆனால் திரை தோசைக்கல் மாதிரி கறுத்திருந்தது. பெட்டியைத் தொட்டவன் வெடுக்கென்று கையை எடுத்தான்.

மூடியைக் கழட்டினான். குப்பென்று அனல் முகத்தில் அடித்தது. ஃபேனைத் திருப்பி வைத்தான். கொஞ்ச நேரத்தில் எண்கள் மெல்லத் தெரிய ஆரம்பித்தன. இன்னும் சீக்கிரம் ஆற என்ன செய்யலாம் என்று சுற்றிலும் தேடினான். ஈரத்துணி இருந்தால் தேவலை என்று தோன்றியது.

அந்த நினைப்பு வந்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

போனில் அந்த டிஸ்ப்ளேவின் விவரத் தாளைத் திறந்தான். ஐம்பது டிகிரி வரைக்கும்தான் தாங்கும் என்று தெளிவாகவே போட்டிருந்தது. அதே கம்பெனியில் எண்பது தாங்குவதும் இருந்தது. அதில் கலர் கிடையாது, வர மூன்று வாரம் ஆகும் என்று ஒதுக்கியது அவன்தான். பளிச்சென்று இருக்கிறதே என்று இதை எடுத்து, மாடி அறையில் ஃபேனுக்குக் கீழே வைத்துச் சோதித்துவிட்டு, மூச்சுவிட இடமில்லாமல் பெட்டியில் அடைத்ததும் அவன்தான்.

காது மடல் சுட்டது. சத்தமில்லாமல் டிஸ்ப்ளேவை மாற்றிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஒரு நிமிஷம் அப்படியும் யோசித்தான். யோசித்ததற்காக இன்னும் கூசிப் போனான்.

நேரே போய்ப் பெனடிக்டைக் கூட்டிவந்தான். மற்றவர்களையும் கூப்பிட்டான். பேக்கிங்கில் இருந்து மலர்க்கொடியும் வந்தாள்.

"தப்பு இவங்க மேல இல்லை சார். இந்த இடத்துக்கு ஆகாத டிஸ்ப்ளேவை எடுத்தது நான். பெட்டியும் தப்பு. இவங்க திறந்து வெச்சு, துணி நனைச்சுப் போட்டதாலதான் அத்தனை நாளாவது ஓடியிருக்கு." அவனால் தலையை நிமிர்த்த முடியவில்லை. "என்னை மன்னிச்சிடுங்கம்மா."

பெனடிக்ட் குனிந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"முதல்ல இதைச் சரி பண்ணிக் குடுங்க. மத்த நாலைப் பத்தி அப்புறம் பார்ப்போம்" என்றார். பிறகு, "மலர்க்கொடி, நீ ஓவனுக்கே வந்துடும்மா."

எல்லாரும் கலைந்தார்கள். ஹரிஹரசுதன் தயங்கித் தயங்கி அவள் பக்கத்தில் போனான்.

"கறுத்துப் போறது உங்களுக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கும். முதலாளிகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா அன்னிக்கே கழட்டி உங்க கையில குடுத்திருப்பாரு சார். நீங்க வந்ததும் உங்ககிட்ட சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"நான் வந்தேனே. அவ்வளவு கேவலமாப் பேசினேனே. அப்பகூட வாயைத் திறக்கலையே நீங்க?"

மலர்க்கொடி ஓவன் கதவின் கொக்கியை விடுவித்தபடி சொன்னாள்:

"தனியாக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் சார். அத்தனை பேரை வெச்சுக்கிட்டு உங்களை எப்படித் தலைகுனிய வைக்கிறது?"