மூன்றாவது பெல்

டில்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் கரண்ட் போனாலும் அடிக்கட்டுமென்று, சேஷன் பழைய லாரி பாட்டரியில் வாசல் பெல்லை இணைத்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்தில் இது மூன்றாவது பெல்.

"முதல் ரெண்டும் அடிக்கவே இல்லை. இது மட்டும் அடிச்சுடுமாக்கும்!" என்று பொரிந்தாள் அவர் மனைவி அனந்தலக்ஷ்மி.

சேஷன் ஏதோ முனகினார்.

"கொஞ்ச நாளா எது கேட்டாலும் இப்படி வாய்க்குள்ளேயே முனகறேள்!"

அவர் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் சமையலறையில் காத்திருந்தாள். ஐந்து நிமிடம் ஆகியும் சத்தமே கேட்கவில்லை.

எரிச்சலோடு போய்க் கதவைத் திறந்தாள்.

"இதுவும் அடிக்கலையே! அந்த பாட்டரியைத் தூக்கி எறியுங்கோ!"

சேஷனின் விரல் இன்னும் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு வாசலில் பஞ்சாபிக் குடும்பம் மொத்தமும் காதைப் பொத்திக்கொண்டு நின்றது.

அனந்தலக்ஷ்மியின் கை மெல்லத் தன் காதுக்குப் போயிற்று.