ஆளுக்குப் பாதி லீவு

பிரிந்து வாழும் வைத்தீஸ்வரனும் நளினாவும் மகள் அபூர்வாவின் கோடை விடுமுறையைப் பங்கு போட வந்து, கொல்கத்தா அலிப்பூர் வக்கீல் அபர்ணா சென்னின் அறையைக் காலையிலிருந்து கத்திக் கத்திக் கரியாஹாட் சந்தையாக்கிக்கொண்டிருந்தார்கள்.

"லீவு முழுக்க எங்க மனுஷாகிட்டதான் இருக்கணும். இவ மனுஷா கேபிள் டிவியைப் போட்டுக் குழந்தையை உக்கார வெச்சுட்டுத் தூங்கிடுவா."

"இவர் மனுஷா மட்டும் என்னவாம்? எம் பொண்ணுகிட்டயே என்னைப் பத்தி வம்பு பேசுவா!"

இருவருக்குமே சொந்த ஊர் கும்பகோணம் என்பது ஒன்றுதான் அபர்ணாவுக்கு ஆறுதல். போராடி ஒரு வழி சொன்னார்: முதல் பாதி அப்பா குடும்பத்தோடு, மறுபாதி அம்மா குடும்பத்தோடு.

"நடுவுல குழந்தையை யார் கொண்டு விடறது?" என்று நளினா ஆரம்பித்தாள்.

"எங்க மனுஷா விட மாட்டா. உன் மனுஷா வந்து அழைச்சுண்டு போகட்டும்!"

மூலையில் உட்கார்ந்திருந்த அபூர்வா அபர்ணாவிடம் வங்க மொழியில் குறுக்கிட்டாள். "நானே போயிடுவேன், மாஷி."

அபர்ணா பதறினார். "தனியாவா? எவ்வளவு தூரம்?"

"மாடிப்படி ஏறினா போதும். ரெண்டும் ஒரே வீடுதான். கீழே அப்பாவோட அம்மா. மாடியில அப்பாவோட அக்கா. அவங்கதான் அம்மாவுக்கு அம்மா. அப்பா, அம்மாவோட சொந்த மாமா."

அபர்ணா பேனாவைக் கீழே வைத்தார்.

வைத்தீஸ்வரன் மேஜையைத் தட்டினார். "அதெல்லாம் சரி மேடம். மாடிப்படி யார் பக்கம்னு முதல்ல எழுதுங்கோ!"